பார்லர் நடத்தற எங்களுக்கும் டாக்டருங்களுக்கு இருக்கற மாதிரி ஒரு இன்சூரன்ஸ் வேணுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

ஈரோட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு சின்ன டவுன்ல 14 வருஷமா லேடீஸ் பியூட்டி பார்லர் நடத்திட்டு வர்றேன். ரெண்டு சேர், ஒரு ஃபேஷியல் பெட், ஒரு ஹேர்வாஷ் பேசின், வேலைக்கு ரெண்டு பொண்ணுங்க, முகூர்த்த சீசன் வந்தா சேலை கட்டி விடறதுக்கும் ஜடை அலங்காரத்துக்கும் வெளிய இருந்து கூப்பிட்டுக்கற ரெண்டு பேரு, இவ்வளவுதான் என் கடை. எங்க மாமனார் காலத்துல இருந்து உங்க பேப்பர்தான் வீட்டுல வாங்கறோம், ஆனா இதுவரைக்கும் ஒரு லெட்டர் கூட எழுதினதில்லைங்க. இப்ப எழுதறது, எங்க வேலையால கஸ்டமருக்கு ஏதும் பாதிப்பு வந்தா நஷ்டஈடு கட்டற இன்சூரன்ஸ் எங்களுக்கும் வேணும்னு கேக்கத்தான். எங்க தொழில பத்தி பேப்பர்ல வர்றது ரெண்டே மாதிரிதான், ஒண்ணு கல்யாணப்பொண்ணுக்கு மேக்கப் டிப்ஸ், இன்னொண்ணு பார்லருக்கு போய் முகம் வெந்து போன பொண்ணோட போட்டோ. அந்த ரெண்டாவது மாதிரி நியூஸ பாக்கறப்பல்லாம் எனக்கு கை நடுங்கிடும், அந்த பொண்ண நெனச்சும் நடுங்கும், அந்த பார்லர்காரம்மாவ நெனச்சும் நடுங்கும். ஏன்னா எனக்கு அது நடந்திருக்கு.

2022 வைகாசில நடந்தது. எனக்கு ரொம்ப வருஷமா ரெகுலரா வர்ற ஒரு அக்கா, அவங்க பெரிய பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், முந்தின நாள் மத்தியானம் அவசர அவசரமா வந்தாங்க, தலைக்கு டை அடிச்சு விடு கண்ணு, நாளைக்கு சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி நரையோட நிக்க முடியாதுன்னாங்க. எப்பவும் அவங்க வீட்லயே மருதாணி போட்டுக்கறவங்க, என்கிட்ட டை அடிச்சதே இல்ல. டப்பாவுலயே போட்டிருக்குங்க, காதுக்கு பின்னாடியோ முன்கை உள்பக்கமோ கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பாத்துட்டு அப்புறம்தான் அடிக்கணும்னு. அது கம்பெனிக்காரங்க சும்மா போடறது இல்ல, டைல பாரா ஃபினைலீன் டையமின் இருந்தா அந்த எச்சரிக்கைய டப்பா மேல போட்டே ஆகணும்னு சட்டமே இருக்கு. எனக்கு அது தெரியும், படிச்ச கோர்ஸ்லயே சொல்லிக்குடுத்தாங்க, தெரிஞ்சும் செய்யல, ஏன்னா மறுநாள் விசேஷம் 24 மணி நேரத்துக்கு எங்க போறது, தெரிஞ்ச அக்காதானேன்னு விட்டுட்டேன். இத எழுதறப்பவும் மனசு கனமாத்தான் இருக்கு.

அன்னிக்கு ராத்திரி தலை அரிக்குதுன்னு போன் வந்துச்சு, தேங்காயெண்ணெய் வைங்கக்கான்னேன். விடியறப்ப ரெண்டு கண்ணும் தொறக்க முடியாம முகம் பூரா வீங்கி, காதோரம் தண்ணி வடிஞ்சு, நிச்சயதார்த்த வீட்ல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போயிட்டாங்க. மூணு நாள் பெட்ல இருந்தாங்க. பொண்ணோட நிச்சயத்த அம்மா பாக்கல. தோல் டாக்டர் விசாரிச்சப்பதான் தெரிஞ்சது, சில வருஷம் முன்னாடி கோயில் திருவிழாவுல கருப்பு மெஹந்தின்னு ஒண்ணு கையில போட்டிருக்காங்க, அந்த கருப்புக்கு கலக்கறதும் இதே கெமிக்கல்தானாம், ஒரு தடவ அது உடம்புக்கு ஆகாம போயிட்டா அடுத்த தடவ தலையில பட்டதும் இப்படி தூக்கி அடிக்குமாம். காதுக்கு பின்னாடி ஒரு பொட்டு வச்சு பாத்திருந்தா எனக்கு தெரிஞ்சிருக்கும்.

ஆஸ்பத்திரி பில் 43,000 ரூபா. நாலாவது நாள் அவங்க வீட்டு பெரியவங்க ஆறு பேரு கடைக்கு வந்தாங்க, ரெண்டு லட்சம் கேட்டாங்க, அக்காவோட வீட்டுக்கார அண்ணன் கேஸ் போடறேன்னும் சொன்னாரு, கடை ஷட்டர மூடறேன்னும் சொன்னாரு. அவர் கோவம் நியாயமான கோவம், நான் ஒரு வார்த்தை எதிர்த்து பேசல. கடைசில பில்லையும் சேத்து 1,20,000னு பேசி முடிச்சாங்க. என் அஞ்சு பவுன் சங்கிலிய அடகு வச்சு, சீட்டு தள்ளி எடுத்து குடுத்தேன். சங்கிலிய மீட்க 19 மாசம் ஆச்சுங்க. அந்த 19 மாசமும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்தமா சொல்லல, அதுக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கேன். ஆனா ஒண்ணு யோசிச்சு பாருங்க, அந்த அக்காவுக்கு கண்ணு பார்வை போயிருந்தா? மூச்சு முட்டி வேற மாதிரி ஆயிருந்தா? 43,000 இடத்துல பத்து லட்சம் பில் வந்திருந்தா என்கிட்ட என்ன இருக்கு, வாடகை கடையும் ரெண்டு சேரும்தான். அவங்க கோர்ட்டுக்கு போய் ஜெயிச்சாலும் என்கிட்ட இருந்து ஒண்ணும் வாங்கிருக்க முடியாது.

அப்பதாங்க எனக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வந்துச்சு. நான் கட்டிட்டுதானே இருந்தேன்! 2018ல கடைய பெருசு பண்ண முத்ரா லோன் எடுத்தப்ப பேங்க்ல கடைக்கு இன்சூரன்ஸ் போட்டாத்தான் லோன்னு சொல்லி போட வச்சாங்க, வருஷா வருஷம் அக்கவுண்ட்ல இருந்து பணம் போயிட்டே இருந்துச்சு. ஏஜெண்டுக்கு போன் பண்ணினேன். அவர் நல்ல மனுஷன்தான், பாலிசிய வாட்ஸப்ல அனுப்பி பொறுமையா சொன்னாரு, இது தீ, வெள்ளம், திருட்டுக்குங்க அம்மா, உங்க சேரும் மெஷினும் எரிஞ்சா பேங்க் லோனுக்கு பாதுகாப்பு, அவ்வளவுதான்னு. வெளி ஆளுங்களுக்கு அடிபட்டா குடுக்கறதுன்னு அதுல ஒரு பகுதி இருந்துச்சு, அத பாத்து எனக்கு உயிர் வந்த மாதிரி ஆச்சு, ஆனா அது கடைக்குள்ள தரை வழுக்கி விழுந்தா, மேல இருந்து ஃபேன் கழண்டு விழுந்தா அதுக்குத்தானாம், நாம செய்யற தொழில்ல தப்பு நடந்து ஒருத்தருக்கு பாதிப்பு வந்தா அதுக்கு கெடையாதுன்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. அதாவது ஈரத்தரையில வழுக்கி விழுந்தா பணம் உண்டு, நான் அடிச்ச டைல முகம் வீங்கினா இல்ல. பார்லர்ல தரை வழுக்கி விழறவங்க எத்தனை பேரு, டை ஒத்துக்காம போறவங்க எத்தனை பேருன்னு இந்த தொழில்ல ஒரு மாசம் இருந்தவங்களுக்கு கூட தெரியுமுங்க.

என்னைப்போல நிறைய பேரு இப்படித்தான் ஏமாந்து நிக்கறாங்க. பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபா பிடிக்கறாங்களே பிரதமர் சுரக்ஷா பீமா, அத காட்டி எனக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு சொல்ற தோழிங்க இருக்காங்க. அது ஆக்சிடெண்ட்ல நாம செத்தா நம்ம வீட்டுக்கு ரெண்டு லட்சம் வர்றது. முடிதிருத்துவோர் நலவாரியம் இருக்கு, அதுல வர்ற உதவித்தொகையும் தொழிலாளிக்கும் அவங்க குடும்பத்துக்கும்தான், தப்புன்னு சொல்லல, ரொம்ப நல்ல விஷயம். ஆனா நம்ம கையால இன்னொருத்தருக்கு வந்த பாதிப்புக்கு பணம் கட்டறது வேற இன்சூரன்ஸ். ரோட்ல வண்டி ஓட்டறவங்களுக்கு சொன்னா சட்டுனு புரியும், வண்டிக்கு தேர்ட் பார்ட்டி போடறோம்ல, நாம இடிச்ச ஆளுக்கு கம்பெனி குடுக்குமே, அந்த மாதிரி தொழிலுக்கு ஒண்ணு.

அது இருக்குங்க, இல்லாம இல்ல. எங்க ஊர் ஆடிட்டர் ஒருத்தர் தன்னோட பாலிசியவே எடுத்து மேஜை மேல வச்சு எனக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்குடுத்தாரு. ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டின்னு பேரு. டாக்டர், ஆடிட்டர், வக்கீல், இஞ்சினியர், கட்டடத்துக்கு பிளான் போடறவங்க எல்லாருக்கும் இருக்கு, கவர்மெண்ட் கம்பெனிங்களும் விக்கறாங்க. தொழில் பண்றப்ப கவனக்குறைவால ஒருத்தருக்கு பாதிப்பு வந்து அவங்க நஷ்டஈடு கேட்டா கம்பெனி கட்டும், வக்கீல் செலவையும் பாத்துக்கும். டாக்டருங்களும் முன்ன இத பெருசா எடுக்கலியாம். 1995ல சுப்ரீம் கோர்ட்டு, காசு வாங்கிட்டு பாக்கற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதுக்கு அப்புறம்தான் க்ளினிக் வைக்கறப்பவே இந்த பாலிசியையும் சேத்து எடுக்கற பழக்கம் வந்துச்சுன்னாரு. நாங்களும் காசு வாங்கிட்டுதான் ஒருத்தர் தோல் மேல, கண்ணு பக்கத்துல, தலையில கெமிக்கல வைக்கறோம், எங்களுக்கும் அதே சட்டம்தான்.

அந்த சட்டத்த பத்தியும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா எங்க ஆளுங்க பல பேருக்கு தெரியல. 2019ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு சட்டம், 2020 ஜூலைல இருந்து அமல்ல இருக்கு. பாதிக்கப்பட்டவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்கலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள சர்வீஸ்னா கோர்ட் ஃபீஸே கெடையாது, வக்கீல் இல்லாம அவங்களே போய் நிக்கலாம். இது சரிதாங்க, ஒரு கஸ்டமரா நானும் இத வரவேற்கறேன். ஆனா ஃபேஷியலுக்கு 800 ரூபா வாங்கினவ மேல எவ்வளவு கேட்டு கேஸ் வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. டெல்லில ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூன்ல 2018ல ஒரு மாடலுக்கு முடிய அளவுக்கு மீறி வெட்டிட்டாங்கன்னு கேஸ், 2021ல தேசிய ஆணையம் ரெண்டு கோடி நஷ்டஈடுன்னு சொல்லுச்சு. 2023 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு, இவ்வளவு தொகைக்கு ஆதாரம் வேணும்னு சொல்லி அந்த உத்தரவ ரத்து பண்ணி திரும்ப விசாரிக்க அனுப்பிச்சு. அது பெரிய ஹோட்டல், வக்கீல் வச்சு வருஷக்கணக்குல நடத்த முடியும். நான் ஒரு வாய்தாவுக்கு ஈரோடு போனா அன்னிக்கு கடை மூடணும்.

நடக்கறது எல்லாமே நம்ம தப்பால மட்டும்தான்னும் இல்லைங்க. ஹேர்வாஷ் பேசின்ல கழுத்த ரொம்ப பின்னாடி சாய்ச்சு வைக்கறப்ப கழுத்து ரத்தக்குழாய் அழுந்தி சில பேருக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு, 1993லயே அமெரிக்காவுல ஒரு நரம்பு டாக்டர் இதுக்கு பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்னே பேர் வச்சு எழுதியிருக்காரு. இது எனக்கு போன வருஷம்தான் தெரியும்! 14 வருஷமா எத்தனை வயசான அம்மாங்க கழுத்த அந்த பேசின் ஓரத்துல வச்சிருக்கேன், இப்ப டவல மடிச்சு கழுத்துக்கு குடுத்துட்டுதான் தண்ணி விடறேன். அப்புறம் வெள்ளை க்ரீம். மலப்புரம் பக்கம் கோட்டக்கல்ல கிட்னி டாக்டருங்க, தங்ககிட்ட வந்த நோயாளிங்கள்ல பாதரசம் கலந்த வெள்ளையாக்கற க்ரீம் பூசினவங்க பல பேரு இருக்கறத கண்டுபிடிச்சு எழுதினாங்க, கிட்னில இருந்து புரதம் ஒழுகற நோய். நம்ம நாட்டுல முகத்துக்கு பூசற க்ரீம்ல பாதரசம் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல தெரியாம கூட கலந்திருக்க கூடாது. இந்த மாதிரி க்ரீம ஆன்லைன்லயும் பை தூக்கிட்டு வர்றவங்ககிட்டயும் வாங்கி பார்லர்ல விக்கறவங்க இருக்காங்க, அவங்க கைய புடிச்சு சொல்றேன், வேண்டாம். புது சட்டத்துல பொருள் வித்தவங்க பொறுப்புன்னு தனியா இருக்கு, தயாரிச்சது யாருன்னே தெரியாத டப்பாவ வித்தா அந்த தயாரிப்பாளர் பொறுப்பும் வித்தவ தலையிலதான் வந்து விழும்.

சரி, ஆடிட்டர் சொன்னத கேட்டுட்டு நான் அந்த பாலிசிய கேட்டு கிளம்பினேன். ஒரு ஆபீஸ்ல, டாக்டருக்கு ஃபார்ம் இருக்கு, உங்க தொழிலுக்கு தனியா ஃபார்ம் இல்லைங்க, மேல கேட்டு சொல்றோம்னாங்க. மூணு தடவ போனேன், மேல இருந்து பதில் வரல. இன்னொரு இடத்துல தருவோம்னாங்க, ஆனா பத்து கடை நூறு கடைன்னு சேந்து வந்தா பேசலாம், ஒத்தை கடைக்கு போடறதுக்கு எங்களுக்கு கட்டுப்படி ஆகாதுன்னாங்க. பெரிய செயின் சலூன்காரங்க ப்ரோக்கர் வச்சு அவங்களுக்கு தகுந்த மாதிரி எழுதி வாங்கிக்க முடியுது. என்னை மாதிரி ரெண்டு சேர் வச்சவ, வீட்டு முன் ரூம்ல த்ரெட்டிங் பண்றவ, ஒரு பெட்டிய தூக்கிட்டு மண்டபம் மண்டபமா ப்ரைடல் மேக்கப்புக்கு போறவ எங்க போய் ப்ரோக்கர தேடறது. லண்டன்ல என் நாத்தனார் பொண்ணு வீட்லயே நக அலங்காரம் பண்றா, அவ ஆன்லைன்லயே பாலிசி எடுத்துட்டா. ஒவ்வொரு ட்ரீட்மெண்ட்டுக்கும் படிச்ச சர்டிஃபிகேட் இருக்கான்னு கேப்பாங்களாம், இமைக்கு கலர் அடிக்கறதுக்கு, ஹேர் கலருக்கெல்லாம் முன்னாடியே டெஸ்ட் வச்சதுக்கு ரெக்கார்டு இல்லேன்னா க்ளெய்ம் வராதாம். இத கேட்டப்ப எனக்கு பளிச்சுனு ஒண்ணு தோணுச்சுங்க, 2022ல எனக்கு அப்படி ஒரு பாலிசி இருந்திருந்தா, ரெக்கார்டு இல்லேன்னா பணம் வராதுங்கற பயத்துலயாவது அந்த அக்காகிட்ட இன்னிக்கு முடியாதுக்கான்னு சொல்லியிருப்பேன். பாலிசி பணத்துக்கு மட்டும்னு நெனச்சுட்டு இருந்தேன், ஆள் வீங்காம இருக்கறதுக்கே அது உதவியிருக்கும்.

இந்த பாலிசி எடுக்க நெனைக்கற தோழிங்களுக்கு ஆடிட்டர் அண்ணன் சொன்ன ரெண்டு மூணு விஷயத்த அப்படியே சொல்லிடறேன். இது க்ளெய்ம் வர்ற நேரத்துல பாலிசி உயிரோட இருக்கணும்ங்கற வகை. இந்த வருஷம் கட்டி, அடுத்த வருஷம் செலவு ஜாஸ்தின்னு விட்டுட்டு, அதுக்கு அப்புறம் பழைய கஸ்டமர் நோட்டீஸ் அனுப்பினா ஒண்ணும் வராது, புகார் குடுக்க அவங்களுக்கு ரெண்டு வருஷம் டைம் இருக்கறத மறக்காதீங்க, அதனால விடாம கட்டணும். எந்த தேதில இருந்து செஞ்ச வேலைக்கு பொறுப்பு எடுத்துக்கறாங்கன்னு பாலிசில ஒரு பழைய தேதி இருக்கும், கம்பெனி மாத்தினாலும் அந்த தேதி மாறாம பாத்துக்கணும். ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவுன்னு ரெண்டு வரம்பு இருக்கும், முதல்ல கொஞ்சம் தொகை நம்ம கைக்காசு. எல்லாத்த விட முக்கியம், பிரச்சனை வந்த உடனே கம்பெனிக்கு எழுதி சொல்லணும், அவங்க சம்மதம் இல்லாம நான்தான் தப்பு பண்ணினேன் இவ்வளவு தர்றேன்னு நாமளா ஒத்துக்கிட்டு பணம் குடுத்தா க்ளெய்ம் போயிடும். நான் செஞ்ச மாதிரி கடையில உக்காந்து பஞ்சாயத்து பேசி முடிச்சா அவ்வளவுதான். அதுக்காக ஆள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகாம இருக்காதீங்க, கூட போங்க, பக்கத்துல இருங்க, தொகை பேச்சு மட்டும் கம்பெனிக்கு எழுதி குடுத்து அவங்க சம்மதிச்ச பின்னாடி.

டாக்டருங்க செய்ய வேண்டிய வேலைய நாம செஞ்சா எந்த பாலிசியும் காப்பாத்தாது. போடாக்ஸ் ஊசி, ஃபில்லர், மச்சம் எரிக்கறது இதெல்லாம் இப்ப ரெண்டு நாள் கோர்ஸ்ல கத்துக்கிட்டு வந்து போர்டுல எழுதி வைக்கறாங்க. ஊசி எடுக்க நமக்கு உரிமை இல்லைங்க. வேலைக்கு இருக்கற பொண்ணு வேக்ஸ் சூடு பாக்காம போட்டு தோல் உரிஞ்சு வந்தாலும் பொறுப்பு கடைக்காரிதான், அதனால ஆளுங்க பேரும் பாலிசிக்குள்ள வரணும், சீசனுக்கு கூப்பிடறவங்களையும் சேத்துதான் கேக்கணும்.

இத பத்தி எங்க ஏரியா பார்லர்காரங்க வாட்ஸப் குரூப்ல போட்டேன், பாதி பேரு சண்டைக்கு வந்துட்டாங்க. இன்சூரன்ஸ் இருக்குன்னு தெரிஞ்சா கஸ்டமர் எல்லாம் சும்மாவே கேஸ் போடுவாங்கன்னு ஒருத்தங்க. வண்டிக்கு தேர்ட் பார்ட்டி 1988 மோட்டார் வாகன சட்டத்துல கட்டாயம், அதுக்காக வேணும்னே யாராவது பஸ்ல போய் விழறாங்களா? இன்னொருத்தங்க, நான் போர்டு வச்சிருக்கேன், அலர்ஜிக்கு நிர்வாகம் பொறுப்பல்லன்னு, கையெழுத்தும் வாங்கறேன், எனக்கு எதுக்குன்னாங்க. கையெழுத்து வாங்குங்க, நல்லதுதான், என்ன சொல்லி எச்சரிச்சோம்ங்கறதுக்கு அது சாட்சி. ஆனா கவனக்குறைவா இருந்துட்டு போர்ட காட்டினா ஆணையத்துல எடுபடாது. மூணாவதா ஒரு தங்கச்சி சொன்னதுதான் எனக்கு மனசுல நிக்குது, அக்கா மாசம் வாடகை, கரெண்ட் பில், சீட்டு கட்டி கையில ஒம்பதாயிரம் நிக்குது, இதுல இன்னொரு பிரீமியத்துக்கு எங்க போறதுன்னா. அவ கேட்டது நெசம். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, பதில் கவர்மெண்ட்டுகிட்டயும் கம்பெனிங்ககிட்டயும்தான் இருக்கு, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் கேக்கறது இதுதாங்க. 2021 ஏப்ரல்ல இருந்து சின்ன கடைங்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு ஒரே மாதிரி தீ பாலிசிய எல்லா கம்பெனியும் விக்கணும்னு, இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ கொண்டு வந்துச்சு. அதே மாதிரி கையால தொழில் செய்யற சின்னவங்களுக்கு ஒரே மாதிரி எழுதின, தமிழ்ல படிக்க முடியற ஒரு தொழில் பொறுப்பு பாலிசி ஏன் வரக்கூடாது? நம்ம சென்னைலயே தலைமை ஆபீஸ் வச்சிருக்கற யுனைடெட் இந்தியா முதல்ல ஆரம்பிக்கலாம். ஒத்தை கடைக்கு கட்டுப்படி ஆகலேன்னா நலவாரியத்துல பதிவு பண்ணினவங்க, சின்ன தொழில்னு கவர்மெண்ட்ல பதிவு பண்ணி உத்யம் சர்டிஃபிகேட் வச்சிருக்கறவங்க, மகளிர் குழு மூலமா கடை வச்சவங்க எல்லாரையும் சேத்து மொத்தமா குரூப் பாலிசியா போடலாம், பிரீமியத்துல ஒரு பங்க வாரியம் போட்டா அந்த ஒம்பதாயிரம் தங்கச்சி கூட கட்டிடுவா. 2025 செப்டம்பர் 22ல இருந்து பியூட்டி சர்வீஸுக்கு ஜிஎஸ்டி 18ல இருந்து 5 சதவீதம் ஆச்சு, தனி ஆளுங்க எடுக்கற ஹெல்த், லைஃப் பாலிசிக்கு சுத்தமா எடுத்துட்டாங்க, சந்தோஷம். ஆனா இந்த மாதிரி பொறுப்பு பாலிசிக்கு இன்னும் 18 சதவீதம், வருஷம் 20 லட்சம் கூட தொடாம, ஜிஎஸ்டி பதிவே இல்லாத எங்களுக்கு அந்த 18ம் திரும்ப எடுக்க வழியில்லாம அப்படியே கைக்காசுதான் போகும், அதையும் யோசிக்கணும். முத்ரா லோன் குடுக்கற பேங்க், சேர் எரிஞ்சா என்ன பண்றதுன்னு கேக்கறப்பவே சேர்ல உக்காந்திருக்கற அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றதுன்னும் ஒரு வரி கேக்கலாம். பியூட்டிஷியன் கோர்ஸ் நடத்தறவங்க, கவர்மெண்ட் ஐடிஐல இருந்து தனியார் அகாடமி வரைக்கும், புருவம் எடுக்க சொல்லிக்குடுக்கறப்ப இதையும் ஒரு நாள் க்ளாஸா வைங்க.

நான் இப்ப எப்படி நடத்தறேன்னா, ஒரு நோட்டு போட்டுருக்கேன். யாரு, என்ன டை, எந்த பேட்ச், என்னிக்கு காதுக்கு பின்னாடி வச்சேன், மறுநாள் என்ன இருந்துச்சு, மாத்திரை ஏதும் சாப்பிடறாங்களா, கருப்பு மெஹந்தி எப்பவாவது போட்டாங்களான்னு எல்லாம் எழுதி கையெழுத்து வாங்கறேன். ரெண்டு நாள் முன்னாடி வந்து டெஸ்ட் வச்சுட்டு போங்கன்னா சில பேரு கோவிச்சுட்டு பக்கத்து கடைக்கு போயிடறாங்க, அங்க கேக்க மாட்டாங்க, உடனே அடிச்சு விட்டுடுவாங்க. போனா போகட்டும்னு என்னால சொல்ல முடியலைங்க, வருமானமும் போகுது, அங்க போய் அவங்களுக்கு ஏதும் ஆயிடுமோன்னும் இருக்கு. எல்லா கடைக்கும் ஒரே மாதிரி பாலிசி வந்து எல்லாரும் டெஸ்ட் வச்சே ஆகணும்னு ஆச்சுன்னா இந்த வேத்துமையே இருக்காது.

உங்க பேப்பர்ல இருந்து ஒரு நிருபர் தம்பி, இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரிங்ககிட்டயும் தொழிலாளர் நலத்துறைகிட்டயும் ரெண்டே கேள்வி கேட்டு பதில போட்டா போதுமுங்க. ரெண்டு சேர் வச்ச ஒரு பார்லர்காரி இன்னிக்கு தேதிக்கு இந்த பாலிசி எடுக்கணும்னா எந்த ஆபீஸ்ல என்ன பேர் சொல்லி கேக்கணும்? வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்?

அந்த அக்காவ பத்தியும் சொல்லணும். ரெண்டு வருஷம் எங்க கடைப்பக்கமே பாக்காம போனாங்க. போன தை மாசம் சின்ன பொண்ண கூட்டிட்டு உள்ள வந்தாங்க, பொண்ணுக்கு புருவம் மட்டும் எடுத்து விடுன்னாங்க, தனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சேர்ல உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க. காசு குடுத்தாங்க, நான் வாங்க மாட்டேன்னேன், வாங்கிக்க கண்ணு, உன் தொழிலுன்னு டேபிள் மேல வச்சுட்டு போனாங்க.

என் பேரையும் ஊரையும் போட வேண்டாமுங்க. அவங்க வீட்லயும் உங்க பேப்பர்தான் வாங்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு பார்லர்காரம்மா,
ஈரோடு மாவட்டம்.